பளு தூக்கினால் மூளைக்கு என்ன? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

முதன்முதலாக டம்பெல்லைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குகிற ஒருவரைக் கவனித்திருக்கிறீர்களா? கை நடுங்கும். வலது கை நேராக மேலே போகும், இடது கை பக்கவாட்டில் எங்கோ போகும். தோள் காதைத் தொடும், முகம் இறுகும், தேவையே இல்லாமல் கால்விரல்கூட மடங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே ஆள் அதே எடையைத் தூக்கும்போது நடுக்கம் பெரும்பாலும் போயிருக்கும். டேப் வைத்துப் புஜத்தை அளந்தால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது. தசை இன்னும் வளரவில்லை, பலம் மட்டும் கூடிவிட்டது.

மாறியது தசைக்குக் கட்டளை போகிற விதம். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் கட்டளை அங்குள்ள நரம்பு செல்களைத் தட்டி எழுப்புகிறது. ஒவ்வொரு செல்லும் தன் பொறுப்பில் உள்ள தசை இழைகளை இழுக்க வைக்கிறது. புதியவருக்கு இந்தச் செல்களில் பல எழுந்திருக்கவே மாட்டா. எழுந்தவையும் ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கும். தேர் வடம் பிடிக்கிறவர்கள் ஒரே குரலுக்கு இழுக்கப் பழகுவதுபோல இவையும் பழகிக்கொள்கின்றன. ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் பழக்கத்தால் வருகிறது, தசைப் பெருக்கம் பின்னால்தான் சேர்ந்துகொள்கிறது என்று 1979-ல் மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் தசையின் மின்னலைகளை அளந்து காட்டினார்கள். அதைவிடப் பழைய சேதி ஒன்றும் உண்டு. 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியது. பலம் தசைக்குள் மட்டும் இருக்கிற சரக்காக இருந்தால் இது நடக்க வழியே இல்லை.

ஆக, பளுப்பயிற்சி முதல் நாளிலிருந்தே தலைக்கும் கொடுக்கிற வேலைதான். சரி, அந்த வேலையால் யோசிக்கிற திறனும் கூடுகிறதா?

இதுவரை தெரிந்தது

ஒரு சின்ன சோதனை. பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதியிருக்கிறது. மையின் நிறம் என்ன என்று சொல்ல வேண்டும். வாய் 'சிவப்பு' என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கி 'பச்சை' என்று சொல்ல ஒரு கணம் பிடிக்கும். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டதால் இதற்கு ஸ்ட்ரூப் சோதனை என்று பெயர். பழக்கத்தில் வருவதை அடக்கி, வேண்டியதை மட்டும் செய்கிற திறனை இது அளக்கிறது. வண்டி ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்காமல் இருப்பதற்கும், நான்கு வேலைகளை வரிசைப்படுத்தி முடிப்பதற்கும் இதே திறன்தான் வேண்டும். வயது ஏறும்போது மங்கத் தொடங்குகிறவற்றில் இதுவும் ஒன்று.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தெரசா லியூ-ஆம்ப்ரோஸ் குழுவினர் 65 முதல் 75 வயதுவரையான 155 பெண்களை மூன்று அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு வாரம் ஒரு நாள் பளுப்பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டு நாள். மூன்றாவது அணிக்கு உடலை நீட்டி மடக்குகிற, தடுமாறாமல் நிற்கப் பழக்குகிற லேசான பயிற்சிகள். 12 மாதம் கழித்து ஸ்ட்ரூப் சோதனையில் வாரம் ஒரு நாள் செய்தவர்கள் 12.6 சதவீதமும், இரண்டு நாள் செய்தவர்கள் 10.9 சதவீதமும் முன்னேறியிருந்தார்கள். லேசான பயிற்சி அணி 0.5 சதவீதம் பின்தங்கியிருந்தது. 2010-ல் இது வெளியானது. எனக்கு இதில் பிடித்தது அந்த மூன்றாவது அணிதான். அவர்களும் வகுப்புக்கு வந்தார்கள், நாலு பேரோடு பேசினார்கள், கை காலை அசைத்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று மற்ற இரண்டு அணிக்கும் கிடைத்திருக்கிறது, அது பாரம்.

இதே ஆய்வில், பளு தூக்கிய இரு அணிக்கும் மூளையின் மொத்தக் கனஅளவு ஒரு சொட்டு குறைந்துமிருந்தது. ஆகவே 'எடை தூக்கினால் மூளை பெரிதாகும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது ஆய்வு சிட்னி பல்கலைக்கழகத்தில் மரியா ஃபியாட்டரோன் சிங் நடத்தியது. லேசான மறதி தொடங்கியிருந்த, 55 வயது தாண்டிய 100 பேர், ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதம் அளவுக்குப் பாரம் ஏற்றினார்கள், பலம் கூடக் கூட எடையையும் கூட்டினார்கள். பளு தூக்கியவர்களின் சிந்தனைத் திறன் மேம்பட்டது. கூடவே கணினியில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளும் ஆடிய அணிக்கு அதனால் கூடுதல் லாபம் எதுவும் வரவில்லை. பிறகு கணக்கைக் கிளறிப் பார்த்தபோதுதான் முக்கியமான விஷயம் கிடைத்தது: யாருக்குப் பலம் அதிகம் கூடியதோ அவர்களுக்குத்தான் புத்தியும் அதிகம் தெளிந்திருந்தது. மூச்சுத் திறன் கூடியதற்கும் புத்தி தெளிந்ததற்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. 2020-ல் வெளியான தொடர் ஆய்வில், 18 மாதம் கழித்தும் ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸின் சில பகுதிகள் அவர்களுக்குச் சுருங்காமல் காக்கப்பட்டிருந்தன.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்முக்குப் போனேன் என்பது கணக்கில் வராது. பலம் கூடியதா என்பதுதான் கணக்கு. கீழே வரும் படிகள் எல்லாமே அதை ஒட்டித்தான்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டிமென்ஷியா என்ற மறதிநோய் ஏற்கெனவே வந்துவிட்ட 494 பேரிடம், பளுப்பயிற்சியும் மூச்சு வாங்கும் பயிற்சியும் கலந்து செய்து பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. உடல் தெம்பு கூடியது, மறதியின் வேகம் குறையவில்லை. இது வைத்தியம் கிடையாது. ஆரோக்கியமாக இருக்கும்போதும், மறதி லேசாகத் தலைகாட்டும்போதும் செய்தால் பலன் எதிர்பார்க்கலாம். அதிலும் எல்லாத் திறனும் ஒரே மாதிரி கூடுவதில்லை. கவனத்தைத் திருப்பாமல் இருப்பது, திட்டமிடுவது போன்றவை மேம்படுகிற அளவுக்கு, ஒரு போன் நம்பரை மனதுக்குள் வைத்திருக்கிற உடனடி நினைவு மேம்படுவதில்லை.

தசையிலிருந்து தலைக்கு எப்படி?

சுருக்கமாகச் சொல்கிறேன். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கிற சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அது பெரும்பாலும் சர்க்கரை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிச் சேமிப்பது தசை. தசை சோம்பிக் கிடந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றி, நாளாவட்டத்தில் மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்வரை கெடுக்கும். வேலை செய்கிற தசை அந்தச் சுமையைக் குறைக்கிறது.

அப்புறம், தசை சுருங்கும்போது சில பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. பிரேசிலில் 62 முதியவர்களில் ஒரு பகுதியினர் 24 வாரம் பளு தூக்கினார்கள். ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருள் அவர்கள் ரத்தத்தில் கூடியிருந்தது, நினைவுச் சோதனைகளிலும் நன்றாகச் செய்தார்கள். இந்த ஆய்வு 2007-ல் வெளியானது. தசை எரியும்போது உண்டாகும் லாக்டேட்டையும் மூளை உள்ளே இழுத்து எரிபொருளாக்கிக்கொள்கிறது. தசை விடுகிற பொருட்களில் ஒன்றாக 2012-ல் கண்டுபிடித்த ஐரிசின் பற்றிப் பெரிய பேச்சு இருக்கிறது, ஆனால் அதன் மூளைக் கதை பெரும்பாலும் எலிகளிடம் பார்த்தது.

மனநிலையும் ஒரு வழி. 1,877 பேர் பங்கேற்ற 33 ஆய்வுகளை 2018-ல் தொகுத்துப் பார்த்தபோது, பளுப்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைத்திருந்தது. சோர்ந்த மனதுக்குக் கவனம் எங்கிருந்து வரும்?

படி 1: தடை உண்டா என்று பாருங்கள்

நெஞ்சுவலி, இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் விழித்திரையில் பிரச்சினை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம். இதில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தை நிரப்புங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். தேதியோடு எழுதுங்கள். சுவரில் கையூன்றி எத்தனை புஷ்-அப் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு போதும்.

மூளைக்கும் வாராவாரம் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஸ்ட்ரூப் மாதிரிச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்தச் சோதனையில் கெட்டிக்காரராகிவிடுவீர்கள். மதிப்பெண் ஏறும், ஏறியது பளுவாலா பழக்கத்தாலா என்று பிரிக்க முடியாது. அதற்குப் பதில் இரவில் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணி தூங்கினேன், இன்று கடினமான வேலையைத் தள்ளிப்போட்டேனா, உடனே தொடங்கினேனா. நான்கைந்து மாதம் கழித்துப் புரட்டினால் அந்த வரிகள் பேசும்.

படி 3: ஐந்து அசைவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஜிம்மில் வரிசையாக நிற்கும் மெஷின்களைப் பார்த்து மிரள வேண்டாம். உடம்பு செய்கிற கனமான வேலைகள் ஐந்துக்குள் அடங்கிவிடும்: உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஜிம் மொழியில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், புஷ்-அப் அல்லது பிரஸ், ரோ, கேரி. வீட்டில் செய்வதென்றால் ஒரு ஜோடி டம்பெல், ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டை), புத்தகம் அடைத்த முதுகுப்பை போதும்.

காலை விட்டுவிடாதீர்கள். கண்ணாடியில் தெரிகிற புஜத்தையும் மார்பையும் மட்டும் வளர்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 324 பெண் இரட்டையர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் கால் பலம் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்தும் மூளைத் திறன் குறைவாகவே சரிந்திருந்தது. ஒரே மரபணு, ஒரே வீட்டு வளர்ப்பு இருந்த இரட்டையரிடமும் இது தெரிந்தது. கால்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் உடம்பின் பெரிய தசைகள் கீழேதான் இருக்கின்றன. கால் பயிற்சியைத் தள்ளிப்போட ஒரு நியாயமும் இல்லை.

படி 4: முதல் இரண்டு வாரம் லேசாக, ஆனால் கவனமாக

ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்வோம். நாற்காலிக்கு முன்னால் தோள் அகலத்துக்குக் கால் வைத்து நில்லுங்கள். பாதங்கள் சற்றே வெளியே பார்க்கட்டும். உட்காரப் போவதுபோல முதலில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள், பிறகு முழங்கால் மடியட்டும். மூன்று எண்ணுகிறவரை மெதுவாக இறங்குங்கள். நாற்காலியைப் பின்புறம் தொட்டதும் பொத்தென்று உட்காராமல், குதிகாலை ஊன்றி எழுந்திருங்கள். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? புதியவர்கள் பலருக்கும் சாயும். அதைக் கவனித்து வெளியே கொண்டுவருவதுதான் மூளைக்கான வேலை. பத்தாவது முறை இறங்கும்போது குதிகால், முழங்கால், முதுகு, மூச்சு நான்கையும் ஒரே நேரத்தில் நினைவில் வைக்க எவ்வளவு கவனம் தேவை என்று புரியும்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கும்போது வாய் வழியாக விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். நான் ஆரம்பத்தில் பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குவேன், அதுதான் வீரம் என்று நினைப்பு. ஒரு நாள் டெட்லிஃப்ட் முடித்து நிமிர்ந்ததும் கண் இருட்டியது. எடை மாட்டிய கம்பியை எப்படிக் கீழே வைத்தேன் என்றே நினைவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மூச்சு விடறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க தம்பி" என்றார். மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் விருட்டென்று ஏறும், விட்டதும் இறங்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை.

இந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு அசைவும் இரண்டு செட், செட்டுக்குப் பத்து முறை (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்வது ஒரு செட்). வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. முடிக்கும்போது 'இவ்வளவுதானா?' என்று தோன்ற வேண்டும்.

மறுநாளைவிட அதற்கடுத்த நாள் தொடை அதிகமாக வலிக்கலாம். மாடிப்படி இறங்கும்போது தெரியும். இரண்டு மூன்று நாளில் தானாகப் போகிற இந்த வலி பரவாயில்லை. மூட்டுக்குள் குத்துகிற வலி, ஒரே இடத்தில் சுரீரென்று வருகிற வலி, கைக்கோ காலுக்கோ மரத்துப்போய் ஓடுகிற வலி வேறு வகை. அதோடு தொடராதீர்கள்.

படி 5: எடையைக் கூட்டுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தேங்கிவிடுகிறார்கள். ஆறு மாதமாக அதே 3 கிலோ டம்பெல், அதே 15 முறை. வியர்க்கும், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் உடம்புக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கனடா ஆய்வின் மூன்றாவது அணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்துங்கள். செட் முடிந்ததும், 'ஒழுங்கு கெடாமல் இன்னும் எத்தனை தூக்கியிருப்பேன்?' பதில் 'இரண்டு' என்றால் எடை சரி. 'ஐந்தாறு' என்றால் லேசு. 'ஒன்றுகூட முடியாது' என்றால் புதியவருக்கு அதிகம். ஆரம்பத்தில் இந்தக் கணிப்பு தப்பாகத்தான் வரும், பெரும்பாலானவர்கள் தங்களால் முடிவதைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

கூட்டுகிற முறை எளிது. எட்டிலிருந்து பன்னிரண்டு முறைவரை தூக்கக்கூடிய எடையை எடுத்து மூன்று செட் செய்யுங்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: 'ரோ, 10 கிலோ, 10-9-8. கடைசி இரண்டில் தோள் தூக்கிக்கொண்டது.' அடுத்த வாரம் 11-10-9. மூன்று செட்டிலும் 12 வந்து, அடுத்த முறையும் 12 வந்தால் அடுத்த எடைக்குப் போகலாம். 12 கிலோவில் மறுபடி எட்டிலிருந்து தொடங்கும். வீட்டில் அடுத்த எடை இல்லையா? இறக்குவதை மூன்று எண்ணுவதிலிருந்து ஐந்து எண்ணுவதாக்குங்கள், அல்லது இரண்டு காலில் செய்ததை ஒரு காலுக்கு மாற்றுங்கள். முதுகுப்பையில் இன்னொரு புத்தகம் வைத்தாலும் கூட்டியதுதான்.

இரண்டு மூன்று மாதம் ஆனபின், ஒழுங்கு கைவந்த அசைவுகளில் மட்டும், எட்டு முறைக்கு மேல் போகாத எடையைத் தொடலாம். சிட்னி ஆய்வின் 80 சதவீதம் என்பது ஏறத்தாழ அந்த அளவுதான். அதற்கு முன் அவசரப்பட வேண்டாம். செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள், கனமானவற்றுக்கு மூன்று.

வாரம் எத்தனை நாள்? பெரியவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மூன்று நாள் முடிந்தால் நல்லது. ஒரே நாள்தான் முடியும் என்றாலும் விட்டுவிடாதீர்கள், கனடாவில் வாரம் ஒரு நாள் அணியும் முன்னேறியது. அந்த நிறுவனம் இதோடு நடை, ஓட்டம் மாதிரி மூச்சு வாங்கும் பயிற்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பளு தூக்குகிறேன் என்று நடையை நிறுத்த வேண்டாம்.

படி 6: போனைப் பைக்குள் போடுங்கள்

செட்டுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு ஏழு நிமிடமாவது போனால்தான். அதைவிட, எதில் தவறினோம், அடுத்த செட்டில் எதைத் திருத்துவது என்று யோசிக்கிற இடத்தை அது பிடுங்கிக்கொள்கிறது. நான் செய்வது இதுதான்: அன்றைய பட்டியலையும் போன வாரத்து எடைகளையும் நோட்டைத் திறக்காமல் மனதிலிருந்து சொல்லிப் பார்ப்பேன், பிறகு திறந்து சரிபார்ப்பேன். இதற்கு ஆய்வு ஆதாரம் எதையும் நான் காட்டப்போவதில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பாரத்தைத் தூக்கிக்கொண்டே கணக்குப் போடுவது, பின்னாலிருந்து எண்ணுவது போன்ற இரட்டை வேலைகள் வேண்டாம். எடை கனமாகும்போது கவனம் முழுக்க எடையில் இருக்க வேண்டும். மூளைக்குப் புதுமை வேண்டுமென்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஓர் அசைவை மாற்றுங்கள். நாற்காலி ஸ்குவாட் பழகிவிட்டால் ஒரு காலை முன்வைத்து இறங்குகிற லஞ்ச். அது பழகினால் படி மேல் ஏறி இறங்குவது. ஒரே நேரத்தில் ஐந்தையும் மாற்றினால் எதிலும் எடை ஏறாது.

படி 7: பயிற்சி நேரமும் தூக்கமும்

ஓரளவு வேலை வாங்கிய பயிற்சி முடிந்து கொஞ்சம் ஆசுவாசமான பிறகு தலை தெளிவாக இருப்பதைப் பலர் உணர்கிறார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை அந்த நேரத்தில் எடுங்கள். உடம்பை முறித்துப்போடுகிற அளவுக்குத் தூக்கிவிட்டு வந்தால் நேர் எதிர், எழுதிய வரியையே மூன்று முறை படிப்பீர்கள். பரீட்சை நாளிலும் முக்கியமான கூட்டம் உள்ள நாளிலும் கனமான கால் பயிற்சி வைக்காதீர்கள்.

தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சிக்கு எழுவது நஷ்டக் கணக்கு. பகலில் கற்ற அசைவை மூளை பதியவைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான், தசை சீராவதும் அப்போதுதான். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு வந்து தூக்கினால் போன வாரம் எளிதாகப் போன எடை நகராது. இரவு நேரப் பயிற்சியால் தூக்கம் கெடுகிறது என்று உங்கள் நோட்டு சொன்னால் நேரத்தை மாற்றுங்கள்.

வீட்டுப் பெரியவர்களைத் தொடங்க வைக்க

இதைப் படிக்கிற பலர் தங்களுக்காக அல்ல, அம்மா அப்பாவுக்காகப் படிப்பீர்கள். முதலில் வருகிற பதில் தெரிந்ததுதான்: "இந்த வயசுல எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" சிட்னி ஆய்வை நடத்திய அதே மரியா ஃபியாட்டரோன் இளம் ஆய்வாளராக இருந்தபோது, பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி வயது 90 ஆன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990-ல் அது வெளியானது. அம்மாவிடம் சதவீதம் பேசிப் பயனில்லை, தொண்ணூறு வயதுக்காரர்கள் செய்தார்கள் என்று சொல்லுங்கள்.

தொடக்கம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. முடியவில்லையென்றால் நாற்காலி மேல் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், பலம் கூடக் கூட மெத்தையை எடுத்துவிடுங்கள். அடுத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. அடுத்து, சுவர் புஷ்-அப். கூடவே நின்று செய்யுங்கள். வேகமாக எண்ணி அவசரப்படுத்தாதீர்கள். 'பாவம், போதும்' என்று மூன்று மாதமாக எடையே ஏற்றாமலும் விடாதீர்கள், பெரியவர்கள் விஷயத்தில் அடிக்கடி நடப்பது இந்த இரண்டாவது தவறுதான். திடீரென்று கூடுகிற மறதி, வழி தெரியாமல் போவது, பேச்சில் தடுமாற்றம் இருந்தால் அதற்கு நாற்காலிப் பயிற்சி பதிலாகாது, மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

விட்டுப்போனால், அடிபட்டால்

எப்போது பலன் தெரியும் என்று மூன்றாவது வாரமே கேட்பார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் 6 மாதமும் 12 மாதமும் நடந்தவை. மூன்றாவது வாரத்தில் தெரிவது பலம், சில நேரம் மனநிலையும் தூக்கமும். மற்றது நிதானமாக வரும். நாற்காலிச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். அந்த எண் ஏறவில்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

காய்ச்சல், பயணம், வீட்டு வேலை என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போவது எல்லாருக்கும் நடக்கும். திரும்பி வரும்போது பழைய எடையில் பாதிக்குச் சற்று மேல் வைத்து ஒரு வாரம் செய்யுங்கள். முதல்முறை இரண்டு மாதம் பிடித்த பலம் இப்போது சில வாரங்களிலேயே திரும்பிவிடும், பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

போன வருடம் வழுக்கி விழுந்து என் இடது மணிக்கட்டு பிசகி, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். பழைய நானாக இருந்தால் ஆறு வாரமும் படுத்திருப்பேன். ஸ்கிரிப்ச்சரின் சோதனை நினைவுக்கு வந்தது. ஒரு கை கட்டில் இருக்கும்போது மறு கைக்குப் பயிற்சி கொடுத்தால் கட்டில் உள்ள கை இழக்கிற பலம் குறைகிறது என்று பின்னாளில் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டேன், "வலது கைக்குத் தாராளமா செய்யுங்க" என்றார். வாரத்துக்கு மூன்று நாள் வலது கைக்கு மட்டும் ரோ, பிரஸ், கைப்பிடி அழுத்தம். கட்டைப் பிரித்த அன்று இடது கை மெலிந்துதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து பாட்டில் மூடியைத் திருகியபோது முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது. நோட்டில் தேதி போட்டு, 'இடது, 2 கிலோ, 8-8-7' என்று மறுபடி தொடங்கினேன்.